முன் சீட்டின் எடை

கார் வயரிங் பார்க்கும் வயர்காரரின் பட்டறைக்குப் புது வண்டி எதுவும் வராது. புதிதாக இருந்தபோது ஷோரூமில் தலையில் வைத்துக் கொண்டாடிய பெரிய பெரிய செடான்கள், பதினைந்து இருபது வருஷம் ஓடிக் களைத்து, "இதுக்கு இனிமே சாமான் வராது சார்" என்று ஷோரூம்காரன் கையை விரித்த பிறகுதான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து நிற்கும். இஞ்சினை ஒன்றும் சொல்ல முடியாது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். போவதெல்லாம் சுகங்கள்தான். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பையில் மிதந்துபோன வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும் கதவு பாதியில் நின்று முனகும். தொட்டால் வழுக்கிய ஸ்விட்சுகள் ஜாம் தடவிய மாதிரிப் பிசுபிசுக்கும். மேல்கூரைத் துணி தளர்ந்து, பின்னால் உட்கார்ந்தவர் தலைமுடியைத் தடவிப் பார்க்கும். எப்போதோ கம்பளத்துக்கு அடியில் புகுந்த மழைத் தண்ணீர் உள்ளேயிருக்கும் சின்னச் சின்னக் கணினிகளில் ஏதாவது ஒன்றை அரித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் வண்டி தன் இஷ்டத்துக்குப் பேச ஆரம்பிக்கும். வெயில் கொளுத்தும்போது வைப்பர் ஓடும். சாத்திய கதவு திறந்திருக்கிறதென்று விளக்கு எரியும்.

எல்லாவற்றுக்கும் வயர்காரரிடம் பதில் இருந்தது. முப்பது வருஷத் தொழிலில் அவர் சொல்லாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது 'தெரியாது'. தெரியாது என்று சொன்னால் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. பட்டறையை ஒட்டிய ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி இதைச் சொல்லியே அவரை வாரிக்கொண்டிருப்பாள். வண்டியின் கணினிகளிடம் கோளாறைக் கேட்டுச் சொல்லும் மெஷின் வாயைத் திறக்காவிட்டாலும் மனுஷன் ஃபியூஸ் என்பார், ரிலே என்பார், வயரில் எலி என்பார். பத்தில் எட்டு தடவை சரியாகவும் இருக்கும். மீதி இரண்டை யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

திரும்பத் திரும்ப வந்து கேட்டது ஒரு வண்டிதான். கண்ணாடிக் கடைக்காரரின் கரும்பச்சை செடான்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர், ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தது. கூடவே அவர் மனைவியும் வந்திருந்தாள். தபால் ஆபீஸில் பார்சல் எடை போடுகிற கவுண்டரில் அவளுக்கு வேலை. ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே தராசு என்ன காட்டும் என்று சொல்லிவிடுவாளாம். கூட வேலை பார்க்கிறவர்கள் டீக்குப் பந்தயம் கட்டித் தோற்பார்களாம்.

வண்டியின் கோளாறு சின்னதுதான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆளே இல்லை, ஆனால் பெல்ட் போடு, பெல்ட் போடு என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டுத் தோலுக்கு அடியில் ஒரு பாய் இருக்கும், உட்கார்ந்தவரின் எடையை உணர்ந்து சொல்கிற பாய். பழசானால் அது இப்படித்தான் உளறும். வயர்காரர் தன் பழைய மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார். 'தொடர்பு இல்லை' என்றது அது. கழற்றி மாட்டினார். 'தொடர்பு இல்லை'.

அந்த அம்மாள் திறந்த கதவருகே நின்று ஒரு கையை சீட்டின் மேல் வைத்திருந்தாள். "அதுல எடை காட்டுமாண்ணா?" என்றாள்.

"காட்டும்மா."

"எவ்வளவு காட்டுது?"

சீட்டுக்கும் அது நகரும் தண்டவாளத்துக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஹேர்கிளிப் கிடந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே குட்டிச் செருப்பு உதைத்த தடங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று வழக்கமாக இங்கே உட்காரும் என்று ஒரு பார்வையில் கணித்துவிட்டார் வயர்காரர். அந்தப் பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து பாய் அந்த எடையிலேயே சிக்கிக்கொண்டது என்று ஒரு விளக்கமும் கைவசம் தயாராகிவிட்டது. மெஷின் திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, வாய் கூசாமல், "பதினாறு கிலோ" என்றார்.

அவள் ஈர சிமெண்டுத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் வயர்காரரைக் கவுண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். மூத்த மகள். ஐந்து வயது. காய்ச்சலில் போய் நாற்பது நாள்தான் ஆகிறது. முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்து, தலையணை போட்டு உட்காருவாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது பதினாறு இருந்தாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளுக்கு முன்னால் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சாயல் அதில் தெரிந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சரிசெய்துவிடுகிறேன் என்றார் வயர்காரர். வேண்டாம், இருக்கட்டும் என்று அவளே குனிந்து காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது.

அடுத்த வருஷம் ஆயில் மாற்ற வந்தபோது, "இப்ப எவ்வளவுண்ணா?" என்றாள். கையில் இருந்த மெஷினை அவர் மாட்டக்கூட இல்லை. "பதினெட்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் விட முடியவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த, பெண் குழந்தைகளின் வயதுக்கேற்ற எடை அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து, மழைக்காலத்துக்கு முன்னாலேயே அந்த வருஷத்து எண்ணைச் சட்டைப்பை டைரியில் குறித்து வைத்துக்கொள்வார். இருபது. இருபத்து மூன்று. இருபத்தாறு. ஒரு வருஷம் கொஞ்சம் கம்மியாகச் சொல்லிவிட்டார். அவள் முகம் சுருங்கி, ஏன் ஏறவில்லை என்று இரண்டு தடவை கேட்டாள். வயர்காரருக்குப் பிள்ளை இல்லை. அந்த எண்ணைத்தான் வருஷா வருஷம் வளர்த்துவந்தார்.

வண்டிக்கும் வயசு ஏறியது. அவர்தான் அதன் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துக்கொண்டார். பின்பக்கக் காற்றுப் பைகளைப் போன மாதம்தான் புதிதாக மாற்றியிருந்தார். பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டி ஒரு விரல்கடை தாழும். உடனே டிக்கிக்குக் கீழேயிருக்கும் கம்ப்ரசர் உம்மென்று ஓடி, காற்றை அடைத்துத் தூக்கி நிறுத்தும். இருபத்து மூன்று வருஷத்து வண்டி, ராணி மாதிரி எழுந்து நிற்கும். கண்ணாடிக் கடைக்காரர் விற்றுவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அவர் மனைவி காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டாள். முன் சீட்டில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, உட்காரவும் கூடாது.

அந்த சீட்டில் வயர்காரருக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஏறி இறங்குகிறவர்களின் தொடை உரசுகிற ஓரத்தில்தான் எந்த வண்டியிலும் சீட்டுத் தோல் முதலில் தேயும். எட்டு வருஷமாக யாருமே உட்காராத அந்த சீட்டிலும் ஓரம் தேய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. வெயில் படுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். வண்டி நிற்பது ஷெட்டுக்குள் என்பது அவருக்கும் தெரியும்.

இந்த வருஷம் கண்ணாடிக் கடைக்காரர் வண்டியில்லாமல் ஒரு மத்தியானம் தனியாக நடந்து வந்தார். டீ வாங்கிக் கொடுத்தும் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சின்னவளைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார். அக்கா போனபோது இரண்டு வயது, இப்போது பத்து. வண்டியில் எப்போதும் பின்சீட்டு மூலைதான் அவளுக்கு. அம்மா வண்டி ஓட்டிக்கொண்டே காலி சீட்டோடு பேசுவாள். சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

"சாப்பிட மாட்டேங்கிறாண்ணா. டிபன் பாக்ஸ்ல பாதி அப்படியே திரும்பி வருது. ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டாங்க. ஒரு வருஷத்துல மூணு கிலோ குறைஞ்சிருக்கா."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார் வயர்காரர். காட்டியாகிவிட்டது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

"அப்புறம் என்னதான் சொல்றா?"

கண்ணாடிக் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுல பழைய தட்டுத் தராசு ஒண்ணு இருக்கு, அவ அம்மா ஆபீஸ்லேந்து கொண்டுவந்தது. அதைக் காட்டிச் சொல்றா. 'அக்கா தட்டு கீழே போகணும்னா என் தட்டு மேல வரணும்லப்பா.' அழுதுகிட்டு சொல்லலைண்ணா, கணக்குப் பாடம் சொல்ற மாதிரி சொல்றா. நீங்க எண் சொல்லும்போதெல்லாம் அவ பின்சீட்டுல உட்கார்ந்து கேட்டுகிட்டுத்தானே இருந்திருக்கா."

வயர்காரர் டைரி இருந்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். கவுண்டரில் ரசீதுப் புத்தகத்தை வெறித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும்.

"இந்தத் தடவை பூஜ்யம்னு சொல்லிடுங்கண்ணா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். அவர் போனதும் மனைவி வாயைத் திறந்தாள்.

"இன்னொரு பொய் சொல்லி அதைச் சரிபண்ணப் போறீங்களா?"

"இல்ல. உண்மையைச் சொல்லப் போறேன். மெஷின்லயே காட்டப் போறேன்."

அந்த மாதம்தான் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார். பழையது பேசாத கணினிகளோடெல்லாம் பேசக் கூடியது. முதல் தடவையாக அந்த சீட்டை நிஜமாகவே கேட்டுப் பார்க்கலாம். கெட்டுப்போன பாய் இரண்டு காட்டும், மூன்று காட்டும், இல்லையென்றால் கோளாறு என்று காட்டும். அதை அந்த அம்மாளின் கண்ணாலேயே பார்க்கவைத்து, எட்டு வருஷத்துப் பொய்யைக் காலில் விழுந்தாவது ஒப்புக்கொண்டு, அவள் எதிரிலேயே பூஜ்யமாக்கிவிட வேண்டும். இதுதான் திட்டம். இந்த வருஷத்து எண்ணை டைரியில் ஏற்கெனவே எழுதியிருந்தார். பதின்மூன்று வயசுக்கு நாற்பத்தொன்று. அந்தப் பக்கத்தை மடித்து உள்ளே தள்ளினார்.

ஞாயிறன்று காலையிலிருந்தே தூறல். தகரத்தில் மழை பொரிந்துகொண்டிருக்கும்போது கரும்பச்சை வண்டி உள்ளே வந்து நின்றது. சின்னவள் பின்கதவைத் திறந்து இறங்கினாள். போன வருஷத்துக் கவுன் தோளில் நிற்காமல் சரிந்தது. வயர்காரரின் மனைவி அவளைக் கவுண்டருக்குள் கூப்பிட்டு ஒரு ரொட்டியைக் கொடுத்தாள். அவள் சரிபாதியாகப் பிய்த்து, ஒரு பாதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

அம்மா இறங்கியதும் வழக்கம்போல் கேட்டாள். "இந்த வருஷம் எவ்வளவுண்ணா?"

"இந்தத் தடவை நீங்களே பாருங்கம்மா" என்றார்.

மெஷினை மாட்டினார். பச்சை விளக்கு மின்னியது. வண்டியின் ஒவ்வொரு கணினியாகப் பேர் சொல்லிப் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்து, முன் சீட்டில் நின்றது. தொடர்பு கிடைத்தது. திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எட்டு வருஷமா நான் உங்ககிட்ட" என்று ஆரம்பித்தார்.

"நாற்பத்தொண்ணு" என்று வாசித்தாள் அவள்.

வயர்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். 41.0.

பெல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் இருக்கும் என்று பெல்ட்டைக் கழற்றினார். 41.0. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டார். 41.0. சீட்டுக்கு அடியில் கையை விட்டு இணைப்பைப் பிடுங்கினார். கோளாறு என்று காட்டியது. திரும்பச் செருகினார். எண் ஒரு நொடிகூடத் தத்தளிக்கவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. 41.0 என்று வந்து நின்றது. டைரியின் மடித்த பக்கம் சட்டைப்பையில் சுட்டது. அந்த எண்ணை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை மீறிவிட்டீரே என்ற பார்வை.

"அம்மா, நான் சொல்லவந்தது வேற" என்றார் வயர்காரர். "இந்த சீட்டோட என் மெஷின் இன்னைக்குத்தான் மொதல் தடவை பேசுது. இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் நானா சொன்னது. பதினாறு, பதினெட்டு எல்லாமே. கிளினிக் சுவத்துல பார்த்துச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பொய் சொல்லியிருப்பீங்க. மனுஷங்கதானே" என்றாள். "எடை மெஷினுக்கு யார் மேலயும் பாசம் கிடையாதுண்ணா. இது எதுக்குப் பொய் சொல்லணும்?"

செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்று பூஜ்யமாக்குகிற பொத்தானை அழுத்தினார். மெஷின் உடனே செய்துவிடவில்லை. ஒரு கேள்வி கேட்டது. தமிழ் தெரிந்த மெஷின் அது.

'இருக்கை காலியாக உள்ளதா? ஆம் / இல்லை.'

வயர்காரரின் கட்டைவிரல் 'ஆம்' மேல் போய் நின்றது. எத்தனையோ வண்டிகளில் யோசிக்காமல் அழுத்திய பொத்தான். எதிரே காலி சீட்டு. வெளுத்த ஓரம். நடுவில், எட்டு வருஷமாக யாரும் உட்காராத இடத்தில் ஒரு குழிவு. விரல் இறங்கவில்லை. அந்த அம்மாளிடம் நீட்டினார். அவள் ஓரடி பின்வாங்கினாள். அவள் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்கு அப்படிக் கெஞ்சிய மனுஷர், அந்த நேரத்தில் தொடக்கூட மாட்டேன் என்கிற மாதிரி நின்றார்.

சின்னவள் எப்போது கவுண்டரை விட்டு வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அம்மாவைத் தாண்டி வந்து, முன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காகிதத்தில் மடித்த பாதி ரொட்டியை டாஷ்போர்டு மேல் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். ஏறி உட்கார்ந்தாள்.

அம்மா தடுக்க ஓரடி முன்னால் வந்தாள். வயர்காரர் கையிலிருந்த திரையில் எண் மாறியது. அறுபத்து மூன்று வர வேண்டும் என்று அவர் மனம் தானாகவே கூட்டிக்கொண்டிருந்தது. வந்தது 22.0.

கேள்வி இன்னும் திரையில் இருந்தது. சின்னவள் எட்டி மெஷினைத் தன் பக்கம் சாய்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு தயங்காமல் 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

"காலியா இல்லையே. நான் இருக்கேன்ல" என்றாள்.

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். இருபத்து இரண்டு. பார்சல்காரியின் கைகள் தாமாகவே நீண்டன. பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். எத்தனை வருஷமாயிற்றோ தூக்கி. பொட்டலத்தை வாங்கியவுடனே எடை சொல்லிப் பழகிய கை. தூக்கியவள் பொய்யான எடை எழுதிய பொட்டலத்தைத் தூக்கிவிட்ட மாதிரித் தடுமாறி, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இவ்வளவுதானா இருக்கே நீ?" என்றாள். "எங்கடி போச்சு மிச்சமெல்லாம்?"

பத்து வயதுப் பெண்ணைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருந்த பாதி ரொட்டியை எடுத்துக் காகிதத்தைப் பல்லால் கிழித்தாள். பிட்டுப் பிட்டு ஊட்டினாள். அழுதுகொண்டே ஊட்டினாள். பெரியவளுக்கு வைத்த பங்கு என்று அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளுமோ என்று வயர்காரர் பயந்தார். அது தின்றது. கடைசித் துண்டுவரை தின்றது. காலியான சீட்டின் எண் 0.0 என்று காட்டிக்கொண்டிருந்தது. யாரும் பூஜ்யமாக்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் மெஷினைக் கழற்றப் போனார். அப்போதுதான் கரும்பச்சை வண்டியின் பின்பக்கம் மெல்ல, ஒரு விரல்கடை, தாழ்ந்தது. டிக்கிக்குக் கீழே கம்ப்ரசர் உம்மென்று ஓட ஆரம்பித்தது. நான்கு பேரும் வண்டிக்கு வெளியே நின்றிருந்தார்கள். கவுண்டரில் அவர் மனைவி எழுந்து நின்றாள்.

அம்மாவின் தோளில் முகம் வைத்திருந்த சின்னவள் மட்டும் பின்சீட்டுப் பக்கமாகப் பார்த்து, தன் மூலையை யாருக்கோ விட்டுக்கொடுத்த மாதிரித் தலையை ஆட்டினாள். வண்டி சமமாக எழுந்து நின்றதும் சத்தம் அடங்கியது. மழை மட்டும் தகரத்தில் பெய்துகொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரருக்கு உதடு வெளுத்திருந்தது. "அது என்னண்ணா சத்தம்?" என்றார்.

பதில்கள் வரிசையாக வந்து நின்றன. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் ஓடும். காற்றுக் குழாயில் கசிவு இருந்தால் ஓடும். கணினி விழித்துக்கொண்டால் ஓடும். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டியிருப்பார். கவுண்டரிலிருந்து மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் வயர்காரர்.